கட்டங்களும் நேர்மையும்: குறுக்கெழுத்துப் புதிர் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

உழைப்பின் வரலாற்றை நமது ஆய்வாளர்கள் கருத்தூன்றி ஆராய்ந்த அளவுக்கு ஓய்வின் வரலாற்றை ஆராய்ந்தாரல்லர். கூலி, வேலைநேரம், தொழிற்சங்கம் ஆகியன பற்றி நூல்கள் பலவுள. வேலைநேரம் போக எஞ்சிய அரைமணி நேரத்தைச் சாதாரண மனிதர் எவ்வாறு பயன்படுத்தினர், அந்த அரைமணி நேரத்தின்மீதும் யார் யார் உரிமை கொண்டாடினர் என்பன போன்ற வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. நாளேட்டின் ஒரு மூலையில் இடம்பெறும் குறுக்கெழுத்துப் புதிரை இக்கட்டுரை அத்தகைய வினாக்களுக்குரிய ஒரு பொருளாகக் கொள்கின்றது.

பொருள் அற்பமானது எனச் சிலர் கருதலாம். ஆயின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கோடிக்கணக்கான மக்கள் நாள்தோறும் விரும்பிச் செய்துவரும் ஒரு செயலை அற்பமெனத் தள்ளிவிடுவது வரலாற்று மாணவருக்கு அழகன்று. இப்புதிர் தரும் இன்பம் விடையை அறிவதில் மட்டும் தங்கியிருக்கவில்லை. தவறிய இடத்தைத் தாமே கண்டு திருத்திக்கொள்ளும் வாய்ப்பிலேயே அது பெரிதும் தங்கியுள்ளது. அவ்வாய்ப்புத் தானாகத் தோன்றியதுமன்று. பத்திரிகை அலுவலகங்களில் நிகழ்ந்த உழைப்பினாலும் விவாதத்தினாலும் உருவாக்கப்பட்டது அது. அது மறுக்கப்பட்ட இடங்களிற் புதிர் சூதாட்டமாக மாறிற்று. இதனை நிறுவுவதே நமது நோக்கம்.

பத்திரிகைப் பக்கத்திற் பிறந்த புதிர்

குறுக்கெழுத்துப் புதிரின் பிறந்த நாளைத் திட்டமாகக் கூறமுடியும். 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆந் தேதி ஞாயிற்றுக்கிழமை, ‘நியூயோர்க் வேர்ல்ட்’ பத்திரிகையின் ‘ஃபன்’ என்னும் கேளிக்கை இணைப்பில், சாய்சதுர வடிவில் அமைந்து நடுவே வெற்றிடங் கொண்ட ஒரு புதிர் வெளியாயிற்று. அதனை அமைத்தவர் ஆர்தர் வின். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பத்திரிகையாளர் அவர். அவர் அதற்கு இட்ட பெயர் ‘சொற்குறுக்கு’ என்னும் பொருள் தருவது. சில வாரங்களுக்குப் பின்னர் அச்சுக்கோப்பில் நேர்ந்த ஒரு தவறினாற் பெயரின் இரு பகுதிகளும் இடம் மாறின. மாறிய பெயரே நிலைத்தது. ஒரு பிழையினாற் பெயர் பெற்ற இப்புதிர், பிழைகளோடு கொண்ட உறவு அத்துடன் முடியவில்லை.

‘வேர்ல்ட்’, ஜோசப் புலிட்சரின் கையில் வெகுசனப் பத்திரிகையாக வளர்ந்த ஏடு. பெருநகரத்து உழைப்பாளரையும் எழுதுவினைஞரையும் வாங்குவோராகக் கொண்டு, போட்டி ஏடுகளுடன் மோதி விற்பனையைப் பெருக்கவேண்டிய நிலையில் இருந்தது. வாரந்தோறும் வாசகரை மீண்டும் வரவழைக்கும் உத்திகளுள் ஒன்றாகவே புதிரும் இடம்பெற்றது. வர்த்தக நோக்கமே அதன் தோற்றுவாய் என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயின் ஒரு பண்பாட்டு வடிவம் எதற்காகத் தோற்றுவிக்கப்பட்டது என்பதும், மக்கள் அதனை எதற்காகப் பயன்படுத்தினர் என்பதும் ஒன்றல்ல.

தொடக்க காலப் புதிர்கள் பிழைகள் மலிந்தனவாக வெளிவந்தன. குறிப்புகள் விடுபட்டன; எண்கள் மாறின; விடைகள் கட்டங்களுக்குள் அடங்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் ஞாயிறு பதிப்பாசிரியரின் செயலாளராகப் பணியிற் சேர்ந்த மார்கரெட் பெதர்பிரிட்ஜ் என்னும் இளம்பெண்ணிடம் இப்பொறுப்பு வந்தது. அவர் முதலில் புதிர்களை விடுவித்துப் பார்க்காமல் தோற்றத்தைக் கொண்டே தெரிவு செய்துவந்தார். அதே பத்திரிகையில் எழுதிய பிராங்ளின் பி. அடம்ஸ் பிழைகளைச் சுட்டி எள்ளி நகையாடியபோது, அவர் ஒருநாள் வெளியான புதிரொன்றைத் தாமே விடுவிக்க முயன்றார். இயலவில்லை. வாசகர் ஞாயிறுதோறும் அனுபவித்த எரிச்சலை அன்றுதான் அவர் உணர்ந்தார். அன்றுமுதல் ஒவ்வொரு புதிரையும் அச்சேறுமுன் சரிபார்ப்பதெனத் தீர்மானித்தார்.

இச்சிறு நிகழ்ச்சியை நாம் முக்கியமானதாகக் கருதுகின்றோம். புதிரை அமைத்தவர் ஒருவராயினும், அதனை நம்பத்தகுந்ததாக ஆக்கியது இச்சரிபார்க்கும் உழைப்பே. சொற்கள் யாவும் ஒன்றோடொன்று பிணைந்திருத்தல், கட்ட அமைப்புச் சமச்சீராயிருத்தல், ஈரெழுத்துச் சொற்களைத் தவிர்த்தல் ஆகிய விதிகள் இக்காலத்தில் உருப்பெற்றன. திருமணத்தின் பின்னர் மார்கரெட் ஃபாரர் என அறியப்பட்ட அவரே, 1942 முதல் 1969 வரை ‘நியூயோர்க் டைம்ஸ்’ பத்திரிகையின் முதலாவது புதிர்ப் பதிப்பாசிரியராக விளங்கினார்.

இன்பமும் இடறலும்

இவ்விதிகள் ஏன் தேவைப்பட்டன? புதிரை விடுவிக்கும் அன்றாட அனுபவத்தைப் பகுத்து நோக்கின் விளங்கும். எடுத்துக்காட்டொன்றை நம் மொழியிலிருந்தே அமைத்துக்கொள்வோம். ‘வானிற் காணப்படுவது’ என்பது குறிப்பு, கட்டங்கள் மூன்று. ‘நிலவு’ என உடனே எழுதிவிடுகின்றோம். மூன்று கட்டங்களும் நிரம்புகின்றன, மனம் நிறைவடைகின்றது. ஆயின் ‘ஞாயிறு’ என்பதும் மூன்று கட்டங்களே. ‘மேகம்’ என்பதும் அவ்வாறே. நடுக்கட்டத்தில் மேலிருந்து கீழாக ஒரு சொல் தொடங்குகின்றது. ‘நிலவு’ சரியாயின் அச்சொல் லகரத்திலும், ‘ஞாயிறு’ சரியாயின் யிகரத்திலும் தொடங்கவேண்டும். இரண்டும் தமிழில் மொழிக்கு முதலாகா. இலக்கண நூலைத் தொட்டறியாதவருக்கும் இவ்விடத்தில் ஐயம் எழுகின்றது. கீழ்நோக்கிய சொல்லின் குறிப்பு ‘உப்புநீர் நிறைந்தது’ எனக் கண்டதும் ‘கடல்’ புலப்படுகின்றது. உடனே ‘நிலவு’ மறைந்து ‘மேகம்’ அவ்விடத்தைப் பெறுகின்றது.

இங்கு நிகழ்ந்தது யாது? முதல் விடை பொருந்தும் விடையாயினும் சரியான விடையன்று. அதனைத் தவறென உணர்த்தியவர் ஆசிரியருமல்லர். அடுத்த நாள் ஏட்டில் வெளிவரும் விடைப்பட்டியலுமன்று. பிறிதொரு சொல்லே அதனை உணர்த்திற்று. ஒவ்வொரு விடையும் மற்றொரு விடைக்குச் சாட்சி. தேர்வு மண்டபத்தில் இழைக்கும் தவறு பிறரால் தண்டிக்கப்படுவது. இங்கு இழைக்கும் தவறு நம்மாலேயே கண்டுபிடிக்கப்படுவது. காலையிற் புலப்படாத விடை மாலையில் வீடு திரும்பும் வழியில் தானாகத் தோன்றுவதும், உறுதியென நம்பி மையினால் எழுதியது மூலையொன்றையே பாழாக்குவதும், இரண்டு பேர் ஒரே கட்டங்களின்மேற் குனிந்து வாதிடுவதும் இவ்வின்பத்தின் பகுதிகளே. இடறலை அகற்றிவிட்டால் இன்பமும் அகன்றுவிடும்.

இது நிகழ்வதற்கு இரு நிபந்தனைகள் இன்றியமையாதன. எழுத்துகள் போதிய அளவு குறுக்கிட்டுக்கொள்ளல் வேண்டும். குறிப்புகள் நேர்மையாக அமைதல் வேண்டும். அமெரிக்கப் புதிர்களில் ஒவ்வோரெழுத்தும் இரு சொற்களுக்குப் பொதுவாக அமைகின்றது. பிரித்தானியப் புதிர்களில் ஏறத்தாழப் பாதி எழுத்துகளே அவ்வாறு அமைவன. எஞ்சியதைக் குறிப்பின் நேர்மை ஈடு செய்யவேண்டியுள்ளது.

கண்டனமும் ஏற்பும்

1924ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அப்பொழுதுதான் தொடங்கப்பட்ட ‘சைமன் அன்ட் ஷூஸ்டர்’ பதிப்பகம் முதலாவது குறுக்கெழுத்துப் புதிர் நூலை வெளியிட்டது. நூலுடன் ஒரு பென்சிலும் இணைக்கப்பட்டிருந்தது. நகைப்புக்கு இடமாகலாம் என அஞ்சிய பதிப்பகத்தார் தமது பெயரைத் தவிர்த்து வேறொரு பெயரிலேயே அதனை வெளியிட்டனர். முதற்பதிப்பு 3,600 பிரதிகள். விற்பனை விரைவில் இலட்சக்கணக்கை எட்டிற்று. பால்டிமோர்–ஒஹாயோ புகையிரதக் கம்பனி, பயணிகளின் வசதிக்காக வண்டிகளில் அகராதிகளை வைத்தது. புதிரின் சமூக அடித்தளத்தை இச்செய்தி தெளிவாகக் காட்டுகின்றது. வேலைக்குச் சென்று திரும்பும் பயணநேரம், நவீன நகர வாழ்க்கை தோற்றுவித்த ஒரு புதிய காலத்துண்டு. அது உழைப்புமன்று, முழு ஓய்வுமன்று. இப்புதிர் அக்காலத்துண்டில் நன்கு பொருந்திற்று.

கௌரவம் வாய்ந்த ஏடுகள் இதனைக் கண்டு முகஞ்சுளித்தன. ‘நியூயோர்க் டைம்ஸ்’ 1924 நவம்பர் 17இல் எழுதிய தலையங்கத்தில் இதனை ஒரு வகைப் பித்து என்றும், பயனற்ற காலவிரயம் என்றும் சாடியது. அவ்வாண்டின் இறுதியில் இலண்டன் ‘டைம்ஸ்’, அமெரிக்கா இப்புதிருக்கு அடிமைப்பட்டுவிட்டதாக எழுதிற்று. இக்கண்டனங்களின் அடியில் ஒரு வர்க்க நோக்கு மறைந்திருப்பதை அவதானிக்கலாம். வசதி படைத்தோரின் சீட்டாட்டத்தையும் வேட்டையையும் காலவிரயம் எனத் தலையங்கம் எழுதிக் கண்டித்தல் வழக்கமன்று. எழுதுவினைஞரும் கடைப்பெண்களும் இல்லத்தரசிகளும் தம் நேரத்தைத் தாம் விரும்பியவாறு கழிக்கத் தலைப்பட்டபோதே அது ஒழுக்கப் பிரச்சினையாகத் தோற்றிற்று.

இரு ஏடுகளும் பின்னர் பணிந்தன. 1925 ஜூலை 30இல் புதிரை ஏற்றுக்கொண்ட ‘டெய்லி டெலிகிராப்’, வாசகரைத் தன்பால் ஈர்த்துக்கொள்வதைக் கண்ட இலண்டன் ‘டைம்ஸ்’ 1930 பெப்ரவரி 1இல் தன் முதலாவது புதிரை வெளியிட்டது. ‘நியூயோர்க் டைம்ஸ்’ மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தது. 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கியபின், இருட்டடிப்பு வேளைகளில் வாசகருக்கு மனவாறுதல் தேவைப்படும் என உணர்ந்து, 1942 பெப்ரவரி 15இல் ஞாயிறு பதிப்பிற் புதிரைச் சேர்த்தது. 1950 செப்டெம்பர் 11 முதல் அது நாள்தோறும் வெளியாயிற்று.

பிரித்தானியாவிலோ போர்க்கால அரசு இவ்விளையாட்டைத் தன் தேவைக்கே பயன்படுத்திற்று. 1942 ஜனவரியில் ‘டெலிகிராப்’ தன் அலுவலகத்தில் ஒரு போட்டியை நடத்தியது. 12 நிமிடங்களுக்குள் புதிரை விடுவித்தல் வேண்டும். முதலில் முடித்தவர், ஒரு சொல்லைப் பிழையாக எழுதியமையால் நீக்கப்பட்டார். பங்குபற்றியோருட் சிலர் பின்னர் பிளெட்ச்லி பார்க்கில் பகைவரின் சங்கேதச் செய்திகளை விடுவிக்கும் பணிக்கு அழைக்கப்பட்டனர். பயனற்றது என 1924இல் இகழப்பட்ட திறமை, பதினெட்டு ஆண்டுகளின் பின் அரசு தேடித் திரியும் திறமையாயிற்று.

நுண்மதியும் வர்க்கமும்

பிரித்தானியாவிற் புதிர் மற்றுமொரு திசையில் வளர்ந்தது. நேரடிப் பொருள் கூறும் குறிப்பிற்குப் பதிலாக, மேற்பரப்பில் ஒரு பொருளும் உள்ளே வேறொரு வழியும் கொண்ட மறைகுறிப்புகள் தோன்றின. ‘தலையிழந்த நகரம் ஒரு கை’ என நாம் ஒரு குறிப்பை அமைப்பின், ‘நகரம்’ என்பதன் முதலெழுத்தை நீக்கிக் ‘கரம்’ என விடை காணவேண்டும். ‘ஒப்சேவர்’ ஏட்டில் 1926 முதல் 1939இல் இறக்கும்வரை இவ்வகைப் புதிர்களை அமைத்த எட்வேர்ட் பொவிஸ் மெதர்ஸ், ‘டொர்குவிமாடா’ என்ற ஸ்பானியச் சமய விசாரணைத் தலைவரின் பெயரைப் புனைபெயராகக் கொண்டார். அவருக்குப் பின் வந்த மக்நட்டும் ‘சிமெனிஸ்’ என்ற மற்றொரு விசாரணையாளரின் பெயரையே சூடினார். வதைப்பவரும் வதைபடுபவரும் என்ற வேடிக்கை உறவு இப்பெயர்களில் உள்ளது.

ஆயின் வதைக்கும் ஒரு நெறி வேண்டுமென்ற கோரிக்கையும் இவர்களிடமிருந்தே எழுந்தது. 1949இல் ‘அஃப்ரிட்’ என்னும் புனைபெயர் கொண்ட ரிச்சி தமது நூலிலும், 1966இல் சிமெனிஸ் தமது நூலிலும், வாசகரைத் திசைதிருப்பும் உரிமை அமைப்பாளருக்கு உண்டெனினும், கவனமாக வாசிப்பவர் விடையை அடைவதற்கான வழி குறிப்பின் சொற்களிலேயே இருத்தல் வேண்டும் என வற்புறுத்தினர். ஏமாற்றுவதற்கும் விளையாடுவதற்கும் உள்ள எல்லையை இக்கொள்கை வரையறுத்தது.

எனினும் சொற்களின் நேர்மை மட்டும் போதியதாகாது. ஆங்கிலப் புதிர்கள் பல கிரிக்கெட் ஆட்டக் கலைச்சொற்களையும், இலத்தீன் தொடர்களையும், விவிலியப் பெயர்களையும் வாசகர் அறிந்திருப்பர் என முற்கோளாகக் கொண்டன. அவ்வறிவு தனியார் விடுதிப் பாடசாலைகளிலும் பழைய பல்கலைக்கழகங்களிலும் இலகுவிற் கிட்டியது. ஏனையோர் அங்கு இடறியது மதிக்குறைவினாலன்று. பிறந்த வீட்டினாலும் கற்ற பாடசாலையினாலுமே. அண்மைக்காலத்திலும் இப்பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. ‘நியூயோர்க் டைம்ஸ்’ 2019 ஜனவரி 1இல் வெளியிட்ட புதிரில், மெக்சிக்கோ வழிவந்தோரை இழிவுபடுத்தும் வசைச்சொல் ஒன்று, பேஸ்போல் ஆட்டத்தில் தலையை நோக்கி எறியப்படும் பந்து எனப் பொருள்படும் குறிப்புக்கு விடையாக இடம்பெற்றது. பதிப்பாசிரியர் வில் ஷோர்ட்ஸ் மன்னிப்புக் கோரினார். யாருடைய சொற்கள் பொதுச்சொற்கள் என்ற வினா, கட்டங்களுக்குள்ளும் எழும் வினாவே.

புதிர் சூதாகிய வரலாறு

மேற்கூறிய நேர்மை எவ்வளவு இன்றியமையாதது என்பதை அது கைவிடப்பட்ட இடங்களே நன்கு உணர்த்துகின்றன. 1930களிற் பெரும் பணப்பரிசுகளுடன் கூடிய குறுக்கெழுத்துப் போட்டிகள் பெருகின. நுழைவுக் கட்டணம் அறவிடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சரியான விடை அனுப்பினாற் பரிசு சிதறிவிடும். ஆதலின் இரண்டு சொற்கள் சமமாகப் பொருந்தக்கூடிய குறிப்புகளை அமைத்து, அவற்றுள் ஒன்றை மட்டும் சரியென முன்கூட்டியே முத்திரையிட்டு வைக்கும் முறை கையாளப்பட்டது. மேலே கண்ட ‘நிலவு’, ‘மேகம்’, ‘ஞாயிறு’ ஆகிய மூன்றையும் பிரித்தறியக் ‘கடல்’ இல்லாதுவிட்டால் எஞ்சுவது ஊகமொன்றே. 1936இல் இலண்டன் நீதிமன்றம் ஒன்று, இத்தகைய போட்டியிற் பங்குகொள்வோர் மறைந்துள்ள இலக்கை நோக்கிக் கண்மூடி எய்பவர்களே எனக் கருதி, அதனைச் சட்டவிரோதமான அதிர்ஷ்டச் சீட்டென முடிவு செய்தது.

தமிழ் வாசகர் இப்புதிரைப் பரவலாக அறிந்துகொண்டதும் பரிசுப் போட்டிகளின் வாயிலாகவே. எஸ். எஸ். வாசன் நடத்திய ‘ஆனந்த விகடன்’ 1930களில் வெளியிட்ட குறுக்கெழுத்துப் போட்டிகள் அவ்விதழின் வளர்ச்சியில் ஒரு பங்கு வகித்தன. தமிழ்ப் பேச்சிற் ‘புதிர்’ என்பதைவிடக் ‘குறுக்கெழுத்துப் போட்டி’ என்ற தொடரே வேரூன்றியமை இவ்வரலாற்றின் சுவடு எனக் கொள்ள இடமுண்டு.

இந்திய நாடாளுமன்றம் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தை நிறைவேற்றியது. மாதமொன்றுக்கு 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட பரிசுகொண்ட போட்டிகளை அது தடை செய்தது. ஏனையவற்றுக்கு அனுமதிப் பத்திரத்தை வேண்டிற்று. பெரும் போட்டிகளை நடத்திவந்த ஆர். எம். டி. சமர்பாக்வாலா தொடுத்த வழக்கில், 1957இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெற்றி கணிசமான அளவு திறமையிலே தங்கியிராத போட்டிகள் சூதாட்டமே என்றும், அவற்றை வணிகவுரிமை என்ற பெயரிற் பாதுகாக்க முடியாதென்றும், இச்சட்டம் அவற்றுக்கே பொருந்துமென்றும் அது கூறிற்று. ஒரு குறிப்பு நேர்மையானதா என்ற, பார்வைக்குச் சிறிய வினா, ஒரு குடியரசின் அரசியலமைப்பு வினாவாக வளர்ந்தமை மனங்கொள்ளத்தக்கது. கட்டணம் செலுத்தி ஏமாந்தவர்கள் பெரும்பாலும் குறைந்த வருமானமுடையோர். கற்பதற்கும் சிந்திப்பதற்கும் அவர்களுக்கிருந்த ஆவலே அங்கு விலைப்பொருளாக்கப்பட்டது.

இதற்கு முற்றிலும் மாறான ஒரு நிகழ்வையும் கூறுதல் வேண்டும். 1996 நவம்பர் 5ஆந் தேதி, அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் தினத்தன்று, ‘நியூயோர்க் டைம்ஸ்’ ஜெரமையா ஃபாரல் அமைத்த புதிரொன்றை வெளியிட்டது. மறுநாட் தலைப்புச் செய்தியை வினவிய குறிப்புக்குக் ‘கிளின்டன்’ என்பதும் பொருந்தியது. ‘பொப் டோல்’ என்பதும் பொருந்தியது. ஆங்கிலத்தில் இரு பெயர்களுக்கும் ஏழேழு எழுத்துகள். குறுக்கிட்ட சொற்களும் இரட்டை விடை கொண்டனவாக அமைக்கப்பட்டிருந்தன. பூனையைக் குறிக்கும் சொல்லும் வௌவாலைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் முதலெழுத்தால் மட்டுமே வேறுபடுவன. ஒரே குறிப்பு இரண்டுக்கும் பொருந்தியது. ஆயின் இரு விடைகளும் சரியென ஏற்கப்பட்டன. யாரும் எதனையும் இழக்கவில்லை. ஆகவே இரட்டைப் பொருள் தானாகக் குற்றமாகாது. அதனால் யார் இலாபமடைகின்றார், யார் இழக்கின்றார் என்பதே கேட்கவேண்டியது.

தமிழ்க் கட்டங்கள்

தமிழில் இப்புதிரை அமைப்போர் எதிர்நோக்கும் சிக்கல்கள் ஆங்கிலத்தில் இல்லாதவை. ஆங்கில நெடுங்கணக்கில் 26 எழுத்துகள்; தமிழில் 247. தமிழ்ப் புதிரில் உயிர்மெய் ஒரே கட்டத்தில் அடங்குவதால், ‘மரம்’ என்பதும் ‘மலை’ என்பதும் முதலெழுத்திற் குறுக்கிடலாம். ‘மரம்’ என்பதும் ‘மாலை’ என்பதும் குறுக்கிட இயலா. அன்றியும் தமிழ்ச் சொற்கள் பல மெய்யீறு கொண்டவை. ஆனால் மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது. ஆகவே ‘மரம்’ முடியும் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி எச்சொல்லும் தொடங்கவியலாது.

நமது நாட்டுத் தமிழ் ஏடுகளின் போட்டிகளிற் பழக்கப்பட்டோர் ‘திரும்பியுள்ளது’, ‘குழம்பியுள்ளது’ என்ற அடைமொழிகளை நன்கறிவர். சொல்லைத் தலைகீழாக எழுதினால் மெய்யெழுத்து முதற்கட்டத்துக்கு வந்துவிடும். எழுத்துகளைக் கலைத்தால் எங்கும் வந்துவிடும். அமைப்பாளரின் சோம்பல் என இதனை எள்ளுவோர் உளர். மொழியின் எழுத்தமைதி விதித்த தடைக்குக் காணப்பட்ட நடைமுறைத் தீர்வு எனக் கொள்வதே பொருத்தமாகும். ஆயின் எழுத்துகள் குழம்பிவரும்போது குறுக்குச் சாட்சி தளர்கின்றது. எந்த எழுத்து எந்தக் கட்டத்திற்குரியது என்பதை விடை காண்பவர் உறுதிப்படுத்த வழியில்லாவிடின், அது மீண்டும் ஊகத்தின் பக்கம் சாய்கின்றது. குழம்பிய சொல்லின் எழுத்துகளை மற்றைச் சொற்கள் முற்றாக நிலைநிறுத்தும் வண்ணம் கட்டங்களை அமைத்தலே நேர்மையான வழி.

இவ்விடத்திற் பிறிதொரு கருத்தையும் மறுத்தல் அவசியமாகின்றது. மாலைமாற்று, சுழிகுளம் முதலிய சித்திரகவிகள் நம்மிடம் இருந்தமையால் இப்புதிரும் நமக்குப் பழையதே என்பர் சிலர். தண்டியலங்காரம் இலக்கணங் கூறும் அவ்வடிவங்களின் நுட்பத்தை எவரும் மறுக்கார். ஆனால் அவை புலவர் தம் திறத்தைக் காட்டுவதற்கு இயற்றிய முற்றுப்பெற்ற செய்யுள்கள். குறுக்கெழுத்துப் புதிர் வெறுமையாக வந்து வாசகரின் கையால் நிறைவு பெறுவது. அச்சியந்திரமும் பரவலான எழுத்தறிவும் மலிவான நாளேடும் இன்றித் தோன்றியிருக்க முடியாதது. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது வரலாற்றுணர்வாகாது.

முடிவாகச் சில கூறலாம். வெகுசனப் பண்பாட்டு வடிவங்களை மயக்கமருந்து என ஒரேயடியாக ஒதுக்குவது முற்போக்குச் சிந்தனையாளரிடையே காணப்படும் ஒரு போக்கு. குறுக்கெழுத்துப் புதிர் விற்பனை உத்தியாகப் பிறந்தது, சூதாகவும் சீரழிந்தது, மேட்டுக்குடியின் அடையாளச் சின்னமாகவும் பயன்பட்டது. அதே வேளையில் சாதாரண வாசகர் அதற்குள் ஓர் உரிமையையும் நிலைநாட்டினர். தவறுவதற்கும், தவறியதைத் தண்டனையின்றித் தாமே கண்டறிந்து திருத்துவதற்குமான உரிமை அது. வகுப்பறையிலும் தொழிலிடத்திலும் பெரும்பாலோருக்குக் கிட்டாத உரிமையும் அதுவே. அவ்வுரிமையைக் காப்பது, பெயர் வெளியிடப்படாத அமைப்பாளரும் சரிபார்ப்போரும் நாள்தோறும் செய்யும் பணியிலே தங்கியுள்ளது. தமிழிலும் அப்பணி ஒரு பண்பாட்டுப் பணியாக மதிக்கப்படல் வேண்டும். நமது பத்திரிகை வரலாற்றை எழுதுவோர் தலையங்கங்களுடன் இக்கட்டங்களையும் சேர்த்தே ஆராய்வாராயின், வாசகர் எதனை வாசித்தனர் என்பதோடு எவ்வாறு சிந்தித்தனர் என்பதும் புலப்படும்.